கடைசித் திருத்தம் யாரிடம் இருக்கிறது

1

பெர்த் நகரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பத்து வருடம் முடித்தவர்களுக்கு ஒரு பீங்கான் கோப்பை தருவார்கள். போன வருடம் என் முறை வந்தது. காலை பத்து மணிக்கு எல்லோரையும் நடுக்கூடத்தில் நிற்க வைத்து, எங்கள் மேலாளர் ஹெலன், "இப்ராஹிம் இல்லாமல் இந்த அலுவலகம் இல்லை" என்றார். கைதட்டினார்கள்.

என் பெயர் காதர் மைதீன். இப்ராஹிம் என் அத்தாவின் பெயர். விசா படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியவில்லை. அத்தாவின் பெயரைப் போட்டு நிரப்பினேன். அன்றிலிருந்து இங்கே நான் இப்ராஹிம். மதுரையில் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்ற மனிதருக்கு, அவர் பார்த்தே இராத ஊரில் கை தட்டினார்கள்.

கோப்பையைக் கொடுத்த கையோடு ஹெலன் சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். "இன்னொரு நல்ல செய்தி. நம் கோப்புகளையெல்லாம் ஒழுங்கு செய்யும் வேலை முடிந்துவிட்டது. முன்பு ஒரு வரைபடத்தின் கடைசித் திருத்தத்தைத் தேட அரை நாள் ஆகும். இப்போது பாருங்கள்." ஒரு எண்ணைத் தட்டினார். வரைபடம் வந்து நின்றது. எனக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

"செய்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? இப்ராஹிமின் சொந்த ஊரில். மஜூராய்!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியாட்கள் யாரோ ஆறு மாதமாகப் பழைய கோப்புகளை அடுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் செய்கிறவர்கள் என்று நினைத்து நான் கண்டுகொள்ளவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வயிறு எரிந்தது.

வீட்டில் கோப்பையைப் பார்த்த என் மனைவி ஆயிஷா, "கோப்புக்காரருக்குக் கோப்பையா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

ஊருக்குப் போன் போட்டால் பழைய கூட்டாளிகள் கேட்பார்கள், "அங்க என்ன மாப்ள வேல?" டாக்குமென்ட் கண்ட்ரோலர் என்பேன். "தாலுகா ஆபீஸ்ல ரெக்கார்டு ரூம்ல இருப்பாங்கள்ல, அது மாதிரியா?" என்பார்கள். கோபம் வரும். ஆனால் ஏறக்குறைய அதேதான்.

எங்கள் நிறுவனம் தண்ணீர்க் குழாய் பதிப்பதற்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறது. ஒரு வரைபடம் ஒரே தடவையில் முடிவதில்லை. முதலில் 'ஏ' என்று வரும். யாராவது ஒரு கோட்டை நகர்த்துவார்கள், 'பி' ஆகும். பிறகு 'சி'. மண்ணைத் தோண்டுகிறவன் கையில் பழைய எழுத்து இருந்தால், குழாய் வேறு எங்கோ போய்விடும். எது கடைசி, யார் ஒப்புக்கொண்டார்கள், பழையதை எங்கே ஒதுக்கினோம் என்று காவல் காப்பதுதான் என் வேலை.

நான் சேர்ந்தபோது 'ஃபைனல்' என்று ஒரு கோப்பு, 'ஃபைனல் நியூ' என்று ஒன்று, 'ஃபைனல் இதுதான்' என்று ஒன்று, இப்படிக் கிடந்தன. ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பிரதி. அந்தக் குப்பையை நான் என் தலைக்குள் ஒழுங்கு செய்தேன். என் சொந்த எக்ஸெல் தாள் ஒன்று இருந்தது. அதை யாருக்கும் திறந்து காட்டியதில்லை. என்ஜினீயர்கள் எழுந்து என் மேசைக்கு நடந்து வருவார்கள். "இப்ராஹிம், பம்ப் ஹவுஸ் டிராயிங்கில் எது கடைசி?" நான் நிமிராமலே சொல்வேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு இரண்டாவது தடவை திரும்பச் சொல்லச் சொல்கிறவர்கள்கூட, அதைக் கேட்க மட்டும் கட்டாயம் என்னிடம் வந்தாக வேண்டும். அந்த நடைதான் இந்த நாட்டில் எனக்கு இருந்த மரியாதை.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அத்தாவின் கடையில் நூற்றுக்கணக்கில் சின்ன இழுப்பறைகள் இருந்தன. ஒன்றில்கூடப் பெயர் ஒட்டியிருக்காது. "என்னையக் கேட்டாத்தேன் கெடைக்கும்" என்பார் பெருமையாக. பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, அரை அங்குலத் திருகு எங்கே என்று கேட்டால் கையை மட்டும் ஆட்டுவார். என் தம்பி ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துப் பார்த்தான். வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். எட்டு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டோம். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும், கடல் கடந்து வந்து அதே கடையைத்தான் போட்டேன்.

புது முறை வந்த மூன்றாம் வாரம், என் மேசைக்கு நடந்து வருவது நின்றுபோனது.

3

"வணக்கம் சார். நான் பேச்சியம்மாள், மதுரைல இருந்து."

வீடியோ அழைப்பில் ஒரு பெண். முப்பதுக்குள் இருக்கும். பின்னால் வெள்ளைச் சுவர், அதற்கும் பின்னால் பஸ் ஹாரன்.

"எந்த ஏரியாம்மா?" என்று தமிழில் கேட்டேன்.

ஒரு நொடி வாயைப் பிளந்தாள். "அய்யய்யோ, தமிழா! இப்ராஹிம்னு மட்டும் இருந்துச்சா, அரபுக்காரவுகளோன்னு நெனச்சேன். ஆபீஸ் நாகமலை புதுக்கோட்டை சார். ஊரு செக்கானூரணி பக்கம்."

"நானும் மதுரைதான். டவுனு."

"அப்ப எதுக்கு சாரு? அண்ணேன்னே கூப்புடுறேன்."

அவளோடு தினமும் பேச வேண்டியதாயிற்று. மதுரையில் ஒன்பது மணி என்றால் இங்கே பதினொன்றரை. அவள் போட்ட விதிகள் எளிமையானவை. எளிமையாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோப்பின் பெயரில் 'ஃபைனல்' என்ற சொல்லே கூடாது. எண், பிறகு திருத்த எழுத்து, பிறகு தேதி. தேதியில் வருடம் முன்னால் வர வேண்டும், அப்போதுதான் தானாக வரிசையாக நிற்கும். மெயிலில் கோப்பை இணைத்து அனுப்பக் கூடாது, இருக்கும் இடத்துக்கு லிங்க் மட்டும். "நகல் அனுப்புனா நகலுக்கு ஒரு நகல் பெறக்கும்ணே. ஒரு ஃபைலுக்கு ஒரே வீடுதேன்." புது எழுத்து ஏறியதும் பழையது தானாகவே ஒதுங்கிவிடும். வந்த மெயிலை வந்த அன்றே பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.

"இதெல்லாம் எங்க படிச்ச?" என்று ஒருநாள் கேட்டேன். குரலில் குத்தல் இருந்தது. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"படிக்கலண்ணே, பட்டது. எங்கப்பாவுக்கு ரேஷன் கார்டுல கருப்பன்னு இருக்கும், சாதிச் சான்றிதழ்ல கருப்பையான்னு இருக்கும். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு காட்ட அவரு கூலி வேலைய விட்டுட்டு ஒம்போது தடவ ஆபீஸுக்கு நடந்தாரு. அதுக்குள்ள காலேஜ் சேர்க்கை முடிஞ்சிருச்சு. அந்த ஒரு வருசம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ஜெராக்ஸ் கடைல வேல பாத்தேன். ஆன்லைன்ல அப்ளிகேசன் போட வருவாங்க. பாதிப் பேருக்கு இதே கததேன். ஒரு எழுத்து மாறியிருக்கும், பென்சன் நின்னுபோன பாட்டன்லாம் வருவாரு. பேரு சரியா வைக்கலன்னா ஒருத்தருக்கு ஒரு வருசம் போயிரும்ணே."

நல்ல கதை. யாராக இருந்தாலும் அவள் மேல் மதிப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. தாய் தகப்பன் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளை, கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு வேலை கற்றுத் தருகிறாளே என்று. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அந்த நினைப்பு வந்தது உண்மை.

மாலை ஐந்தரைக்கு, "வாரேன்ணே, பஸ்ஸு போயிரும்" என்று எழுந்து போவாள். எனக்கு அப்போது இரவு எட்டாகியிருக்கும். அவள் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து செக்கானூரணி போய் இறங்குவதை நினைத்துக்கொள்வேன். என் வேலையையும் பார்த்து, என் ஊரிலும் இருக்கிறாள். ஒருத்திக்கு எதற்கு இரண்டும்?

4

என் மகள் நஸ்ரினுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் ஏதாவது அலுவலகத்தில் போய் வேலை பழக வேண்டும் என்று அனுப்புவார்கள். அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். ஹெலன் அவளைப் பேச்சியம்மாளோடு உட்கார்த்திவிட்டார். பழைய கடிதங்களுக்குத் தலைப்பு வைக்கும் வேலை.

இரண்டாம் நாள் என் மேசைக்கு ஓடி வந்தாள். "அத்தா! பேச்சியக்கா போயிட்டாங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னாச்சு? எப்படி?"

"ஐ டோன்ட் நோ. பேசிட்டே இருந்தாங்க, போயிட்டாங்க."

இணையம் அறுந்திருக்கிறது. அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் பேச்சியம்மாள் திரும்ப வந்தபோது, நஸ்ரின் தான் சொன்னதையும் நான் பதறியதையும் அவளிடம் சொல்ல, அங்கே ஒரு கூட்டமே சிரித்தது. "அடிப் பாவி மகளே, என்னையக் கொன்னுட்டியா! 'லைன் கட்டாயிருச்சு'ன்னு சொல்லணும்டா. அம்புட்டுத்தேன்."

"அம்புட்டுத்தேன்" என்றாள் என் மகள். அச்சு அசலாக.

அந்த வாரம் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு தமிழ் பேசினாள். எம்புட்டு, இம்புட்டு, போறேன், வாரேன். நான் தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நான் கெஞ்சியும் மிரட்டியும் வராத மொழி, ஐந்து நாளில் ஒரு அந்நியப் பெண்ணுக்காக வந்துவிட்டது. சனிக்கிழமை வீட்டில், "எங்கூடவும் அப்படிப் பேசேம்மா" என்றேன்.

"நீங்க திருத்திட்டே இருப்பீங்க அத்தா. அக்கா சிரிப்பாங்க, தட்ஸ் இட்" என்றாள்.

5

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை வாடிக்கை நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. புறநகர்க் குழாய்த் தடம் ஒன்றுக்கு நாங்கள் போட்ட வரைபடத்தில் அவர்கள் செய்த திருத்தம், 'டி'. எல்லோரும் பொது மெயில் பெட்டிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அங்கே இருக்கும் ஒரு பழைய ஆள் மட்டும் பழக்கத்தில் எனக்கு மட்டும் அனுப்பியிருந்தார். விதிப்படி நான் அதை அன்றே ஏற்றியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

ஏற்றவில்லை. மறக்கவும் இல்லை. மெயிலைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கடைசித் திருத்தம் மறுபடியும் என்னிடம் மட்டும் இருக்கிறது. எவனாவது எழுந்து வந்து கேட்கட்டும். கேட்டால் நிமிராமல் சொல்லலாம். வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் மெயிலை மூடினேன்.

யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாள்தான் அழைத்தாள்.

"அண்ணே, கிளையண்ட் லெட்டர் ஒண்ணு வந்துருக்கு. அதுல பார்வைன்னு போட்டு 'டி'ன்னு குறிச்சிருக்காங்க. நம்ம ரெஜிஸ்டர்ல 'சி' வரைக்குந்தேன் இருக்கு. 'டி' ஒங்களுக்கு வந்துச்சா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது அவள். யார் வந்து கேட்க வேண்டும் என்று நான் காத்திருந்தேனோ அவர்கள் இல்லை.

"இன்னும் வரல" என்றேன்.

"சரிண்ணே."

அதற்குப் பிறகு என்னால் ஏற்றவும் முடியவில்லை. ஏற்றினால் மெயில் வந்த தேதி கூடவே ஏறும். திங்கட்கிழமை வந்ததைச் செவ்வாய்க்கிழமை இல்லையென்றது வெட்டவெளிச்சமாகிவிடும். ஒரு சின்னப் பொய், மறுநாளே பூட்டாகிவிட்டது. சாவி என்னிடம்தான் இருந்தது. திறக்கத் தைரியம் இல்லை.

அவள் 'சரிண்ணே' என்று விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். விடவில்லை. புதன்கிழமை மத்தியானம், தட்டுத் தடுமாறுகிற ஆங்கிலத்தில், வேலை நடக்கும் இடத்தின் பொறுப்பாளருக்கே போன் போட்டிருக்கிறாள். 'டி' என்று ஒன்று இருப்பதாகத் தெரிகிறது, அது கைக்கு வரும்வரை அந்தப் பகுதியைத் தோண்டாதீர்கள் என்று. அவர் எரிச்சலோடு வாடிக்கை நிறுவனத்துக்குப் போட்டார். "திங்கட்கிழமையே இப்ராஹிமுக்கு அனுப்பிவிட்டோமே" என்றார்கள். அங்கிருந்து நேராக அவருக்கு 'டி' போனது.

நான் அப்போதுதான் அதைத் திறந்து பார்த்தேன். தடம் இரண்டு மீட்டர் தள்ளிப் போயிருந்தது. பழைய தடத்துக்குக் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு. தரைக்கு அடியில் போகும் உயர் அழுத்த மின்கம்பி. புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பொக்லைன் அந்த இடத்தில் இறங்குவதாக இருந்தது. அதை ஓட்டுகிற மனிதரின் பெயர் அன்றைய வேலைத் தாளில் இருந்தது. நான் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

நடக்காத விபத்துக்கும் இந்த நாட்டில் ஒரு படிவம் உண்டு. என்ன நடந்திருக்கும், ஏன் நடக்கவில்லை, காரணம் என்ன என்று நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் அழைத்தாள்.

"அண்ணே, அந்த ஃபார்ம் எங்கிட்ட வந்துருக்கு. ரெஜிஸ்டர் எம் பொறுப்பாம், நாந்தேன் நெரப்பணுமாம். டிராயிங் நம்பர், தேதி எல்லாம் போட்டுட்டேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அத மட்டும் விட்டு வச்சிருக்கேன்."

அவளே தொடர்ந்தாள்.

"திங்கக்கெழம மெயில் வந்துச்சுங்குறது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஆனா அது தேதிதானண்ணே. காரணம் இல்லையே. செவ்வாக்கெழம நான் கேட்டப்ப நீங்க எதுக்கு வரலன்னீங்க? அது ஒங்களுக்குத்தேன் தெரியும்."

"கவனிக்கலன்னு போட்டுரும்மா."

"கவனிக்கலையா?"

அவள் பின்னால் ஹாரன் கேட்டது. யாரோ டீ வேண்டுமா என்று கேட்டார்கள். அவள் வேண்டாம் என்றாள்.

"எனக்குத் தெரியாதத நான் எழுத மாட்டேன்ணே. ஒங்கள மாட்டிவிடவும் மாட்டேன், காப்பாத்தவும் மாட்டேன். லிங்க் அனுப்பிருக்கேன். நீங்களே எழுதுங்க."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

'மெயிலைக் கவனிக்கவில்லை' என்று எழுதினேன். அழித்தேன். 'வேலைப் பளு' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'மெயில் திங்கட்கிழமை வந்தது. பார்த்தேன். வேண்டுமென்றே பதிவு செய்யவில்லை. மறுநாள் கேட்டபோது வரவில்லை என்று பொய் சொன்னேன். வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை.' ஏன் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா தெரியாது.

ஹெலன் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன், இப்ராஹிம்?" எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. பதிவேட்டில் மாற்றம் செய்யும் உரிமை எடுக்கப்பட்டது. இனி நான் ஏற்றுவதையெல்லாம் மதுரையில் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் உள்ளே போகும்.

ஆயிஷாவிடம் மட்டும் முழுக்கச் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "ஒரு பொம்பளப் புள்ள மேல இருக்குற பொறாமைல, ஒரு மனுசனச் சாகக் கொடுக்கப் பாத்தீங்களா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்று. எச்சரிக்கைக் கடிதமும் ஒரு கோப்புதானே. அதற்கும் எண் வேண்டும், இடம் வேண்டும். அது இருக்கும் ஃபோல்டரை யார் யார் திறக்கலாம் என்று பார்த்தேன். என் பெயரும் ஹெலனின் பெயரும் மட்டும் இருந்தன. அந்த ஃபோல்டரை உண்டாக்கிய பேச்சியம்மாள், தன்னாலேயே திறக்க முடியாதபடி தன் பெயரை நீக்கியிருந்தாள். அதற்காகவும் அவள் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அப்படி நடந்துகொள்ள எனக்குத் தோன்றியிருக்காது.

7

டிசம்பர் விடுமுறைக்கு மதுரை வந்தோம். தம்பி வீட்டில் தங்கினோம். பேச்சியம்மாளைப் பார்க்கப் போக எனக்கு முகம் இல்லை. நஸ்ரின் விடவில்லை. நானும் அவளும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கினோம். ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடி. எட்டுப் பேர் உட்காரும் ஒரே அறை. நெருக்கமாக நாற்காலிகள். ஒருத்தன் சொல்வதற்கு நான்கு பேர் பதில் சொல்கிறார்கள். பத்து வருடத்தில் என் மேசையைச் சுற்றி அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

பேச்சியம்மாள் திரையில் தெரிந்ததைவிடக் குள்ளம். நஸ்ரினைக் கட்டிக்கொண்டாள். மத்தியானம் அவள் அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பை மூன்று பேரும் பங்கு வைத்தோம். நஸ்ரின் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றாள். தின்று முடித்து இன்னும் கேட்டாள்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அன்னைக்கு நான் பண்ணது…"

"அது முடிஞ்ச ஃபைலுண்ணே" என்றாள். "ஒங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கணும்."

ஹெலன் அவளைப் பெர்த்துக்கு அழைத்திருக்கிறார். இரண்டு வருடம். விசாவெல்லாம் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கை கழுவும் இடத்தில் நின்றிருந்தோம். குழாய் திறந்தே கிடந்தது. அந்த விசாவுக்காக நான் ஏழு வருடம் அலைந்தேன். தேர்வு எழுதி, மருத்துவச் சோதனை செய்து, காவல் நிலையச் சான்றிதழ் வாங்கி, ஒரு எழுத்துப் பிழைக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பி. இவளை வா என்று கூப்பிடுகிறார்கள்.

"போகலாமாண்ணே? ஒங்களத் தவிர எனக்கு அங்க இருக்குற ஆளு யாரையும் தெரியாது. நெசத்தச் சொல்லுங்க."

வராதே என்று சொன்னால், என் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்கிறேன். வா என்று சொன்னால், இந்த அறையையும் அந்தக் குழம்பையும் ஐந்தரை மணி பஸ்ஸையும் அவளிடமிருந்து பிடுங்குகிறேன். எதைச் சொன்னாலும் அதில் என் பொறாமை இருக்கும். எனவே புத்தி சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். வீட்டு வாடகைக்கு யாராவது உத்தரவாதம் கேட்பார்கள். உன் அப்பா பெயரால் உன்னைக் கூப்பிடுவார்கள். நீ சொல்வதை இரண்டு தடவை சொல்லச் சொல்வார்கள். தெரு சுத்தமாக இருக்கும், பெண் தனியாக நடக்கலாம், யாரும் நீ எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு முகம் மாற மாட்டார்கள். சம்பளம் கையில் நிற்கும். நோய் வந்தால் நல்ல ஆஸ்பத்திரி. அத்தா மௌத்தானபோது டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள், அடக்கம் முடிந்த பிறகு. என் மகள் என்னோடு பேசாத தமிழை உன்னோடு பேசினாள்.

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேச்சியம்மாள் போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தாள். "மூணாம் நாள்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "ஒங்களுக்கு வேல கெடச்சப்ப நீங்க யார்கிட்ட கேட்டீங்க?"

யாரிடமும் கேட்கவில்லை. போய்விட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. அதையும் சொன்னேன்.

8

பெர்த் திரும்பி இரண்டு வாரம் கழித்து ஹெலன் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் குழப்பம்.

"உங்கள் ஊர்ப் பெண் வரமாட்டேன் என்கிறாள். அதோடு நிற்கவில்லை. 'என்னை அங்கே கொண்டுபோக ஆகும் செலவில் இங்கே மதுரையில் இன்னும் நான்கு பேரை எடுக்கலாம், எல்லாத் திட்டங்களின் பதிவேட்டையும் இங்கிருந்தே பார்க்கிறோம்' என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் சரி என்றுவிட்டேன்."

வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே எனக்கு ஒரு காலத்தில் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு ஒன்றைக் கேட்கலாம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

பதினொன்றரை மணிக்கு அவளை அழைத்தேன். "ஏம்மா வரல? நான் ஏதும் பயமுறுத்திட்டேனா?"

"இல்லண்ணே. நீங்க சொன்னத எல்லாம் எழுதி வச்சு ரெண்டு நாள் பாத்தேன். நல்லதுஞ் சொல்லிருந்தீங்க, கெட்டதுஞ் சொல்லிருந்தீங்க. ஒண்ணுகூடப் பொய்யில்லன்னு பட்டுச்சு. அத வச்சுத்தேன் முடிவு பண்ணேன்."

என் பொய்யை ஒருமுறை கேட்டவள் அவள். என் சொல்லை நம்பித் தன் வாழ்க்கையை முடிவு செய்திருக்கிறாள்.

"சரிண்ணே, வச்சிரட்டா? புதுசா நாலு பேர எடுக்கணும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளாப் பாக்குறேன், பஸ் வசதியா இருக்கும்ல" என்றாள்.

"வச்சிரும்மா" என்றேன்.

இன்னும் யாரென்றே தெரியாத அந்த நான்கு பேர் மேல் எனக்குப் பொறாமை வந்தது.